விலை சொல்லும் வாய்

சென்ற கோடையில் என் பெரியம்மா யாழ்ப்பாணத்திலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்திருந்தார். பிள்ளைகள் என்றால் ஓர் ஊரில் இல்லை. மூத்தவள் ஸ்ரொக்ஹோமில். இளையவன் பாரிசுக்கு வெளியே லா கூர்நெவ்வில். பெறாமகனாகிய நான் லண்டனில். இரண்டு வீசாக்களுக்கு அலைந்து, மூன்று ஊர்களையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடுவது என்ற முடிவோடு எழுபத்தெட்டு வயதில் புறப்பட்டு வந்தவர்.

பாரிசிலிருந்து ரயிலில் வந்தவரை செயின்ற் பாங்கிறாஸ் நிலையத்தில் சந்தித்து, பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு என் கார் நின்ற தெருவுக்கு நடந்தோம். நிலையத்தின் பக்கத்தில் கறுப்பு ரக்சிகள் வரிசையாக நின்றன. பெரியம்மா நின்று பார்த்தார்.

"உதிலை ஏறினா உன்ரை வீட்டுக்கு எவ்வளவடா தம்பி?"

"அறுபது பவுணுக்கு மேலை வரும் பெரியம்மா."

"நீ ஓடுற காரிலை?"

"நாப்பதுக்குள்ளை. ஆனா நேரத்தைப் பொறுத்தது. சில வேளை எண்பதும் வரும்."

அவர் ரூபாய்க்கு மாற்றிப் பார்த்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அதே றோட்டு. அதே தூரம். அவனுக்கு அறுபது, உனக்கு நாப்பது, பிறகு உனக்கே எண்பது. இதென்ன கணக்கடா?"

நான் இருபது வருடங்களுக்கு மேலாக இந்த ஊரில் கார் ஓடுகிறவன். "ஊருக்கு ஊர் சட்டம் வேறை பெரியம்மா" என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அவர் கேட்டது சட்டத்தை அல்ல. ஒரு பயணத்துக்கு எது நியாயமான விலை, அதைச் சொல்லும் உரிமை யாருடையது என்பதையே அவர் கேட்டார். இத்தனை வருடங்கள் அந்த விலையில் சாப்பிட்டுவரும் நான் அதை ஒருபோதும் நேராக யோசித்ததில்லை. இந்தக் கட்டுரை அவருக்குச் சொல்லாமல் விட்ட பதில். அல்லது பதிலைத் தேடிய ஒரு முயற்சி.

*

முதலில் கணக்கைப் பார்ப்போம்.

ரக்சி என்ற சொல்லே மீற்றரிலிருந்து வந்தது. 1891இல் ஜேர்மனியரான வில்ஹெல்ம் புறூன் உருவாக்கிய கருவிக்கு 'ரக்சிமீற்றர்' என்று பெயர். கட்டணத்தை அளக்கும் கருவி என்பது அதன் பொருள். கருவியின் பெயர் சுருங்கி வண்டியின் பெயராயிற்று. அதற்கு முன்பும் வாடகைக் குதிரை வண்டிகள் இருந்தன, கட்டண விதிகளும் இருந்தன. ஆனால் எவ்வளவு தூரம் ஓடியது என்பதில் வண்டிக்காரனும் பயணியும் தெருவில் நின்று சண்டை பிடித்தார்கள். அந்தச் சண்டையை மீற்றர் முடித்துவைத்தது. லண்டனில் 1907இல் அது கட்டாயமாக்கப்பட்டது.

லண்டனின் கறுப்பு ரக்சிக்கு இன்று கட்டணம் நிர்ணயிப்பது நகரத்தின் போக்குவரத்து நிர்வாகம். வண்டி ஓடும்போது மீற்றர் தூரத்தை எண்ணும். நெரிசலில் ஊரும்போதும் நிற்கும்போதும் நேரத்தை எண்ணும். பகலுக்கு ஒரு விகிதம், மாலைக்கும் வார இறுதிக்கும் இன்னொன்று, இரவுக்கு மூன்றாவது. விகிதங்கள் எல்லாம் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டவை. ஓட்டுனர் அதற்கு மேல் ஒரு பென்ஸ்கூடக் கேட்க முடியாது. பன்னிரண்டு மைலுக்குள், ஒரு மணி நேரத்துக்குள் முடியும் பயணத்தைத் தகுந்த காரணமின்றி மறுக்கவும் முடியாது. அந்த ஓட்டுனரும் சும்மா வந்தவரல்ல. சாறிங் குறொஸ்சிலிருந்து ஆறு மைல் சுற்றளவிலுள்ள ஏறக்குறைய 25,000 தெருக்களை மனப்பாடம் செய்து, 1865இலிருந்து நடந்துவரும் ஒரு சோதனையில் தேறியவர். அதற்கு மூன்று, நான்கு வருடங்கள் போகும். அறுபது பவுணில் அந்த வருடங்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

நான் ஓடத் தொடங்கியது மினிகாப். தெருவில் கைகாட்டுபவரை ஏற்ற எமக்கு உரிமை இல்லை. முன்பே பதிவு செய்யவேண்டும். மீற்றர் இல்லை. ஒப்பீசில் ரெலிபோனுக்கு முன்னால் இருப்பவர் சொல்லும் விலைதான் விலை. 1998ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை லண்டனில் மினிகாப்புக்கு அனுமதிப்பத்திரம்கூட இருக்கவில்லை. எம்மைப்போல் வந்து சேர்ந்தவர்களுக்கு, ஆங்கிலம் அரைகுறையாக இருந்தாலும், ஒரு பழைய காரும் ஒரு வரைபடப் புத்தகமும் இருந்தால் திறந்த கதவு அதுதான். மலிவு என்றால் அந்த மலிவை யாரோ சுமந்தார்கள். வாராவாரம் ஒப்பீசுக்கு வாடகை கட்டி, காப்புறுதி கட்டி, பதினான்கு மணி நேரம் காருக்குள் இருந்தவர்கள் சுமந்தார்கள்.

பாரிசில் வேறு கணக்கு. 2016 மார்ச்சிலிருந்து சார்ள் து கோல் விமான நிலையத்துக்கும் பாரிஸ் நகருக்கும் இடையே நிலையான கட்டணம். அப்போது சேன் நதியின் வலது கரைக்கு 50 யூரோ, இடது கரைக்கு 55. பிறகு அது கூடியிருக்கிறது. நெரிசல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே காசு. ஆனால் இது பாரிஸ் நகர எல்லைக்குள் மட்டும். எங்கள் கடைகள் இருக்கும் லா சப்பலுக்குப் போனால் நிலையான விலை. விமான நிலையத்துக்குக் கிட்டவாகவே இருக்கும் லா கூர்நெவ்வில் பெரியம்மாவின் மகன் வீட்டுக்குப் போனால் மீற்றர். நகரத்தின் வாக்குறுதி நகரத்துக்குள் இருப்பவர்களுக்குத்தான். புறநகரில் வாழும் எம்மவர் பலர் அதற்கு வெளியே.

சுவீடன் இன்னொரு துருவம். 1990 யூலையில் ரக்சிக் கட்டணத்தை அரசு கைவிட்டது. எந்தக் கொம்பனியும் தன் விலையைத் தானே வைக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை: பத்துக் கிலோமீற்றர் தூரமும் பதினைந்து நிமிடமும் கொண்ட ஒரு மாதிரிப் பயணத்துக்குத் தாம் என்ன எடுப்போம் என்பதை ஜன்னலில் மஞ்சள் தாளில் ஒட்டவேண்டும். வாசித்து ஒப்பிட்டு ஏறுவது பயணியின் பொறுப்பு. "அடுத்தடுத்து நிண்ட ரெண்டு காரிலை ரெண்டு விலை. மூத்தவள் வாசிச்சுப்போட்டுப் பின்னாலை நிண்டதிலை ஏத்தினாள்" என்றார் பெரியம்மா. வாசிக்கத் தெரிந்தவருக்கு அது சுதந்திரம். களைத்து வந்திறங்கிய, மொழி தெரியாத ஒருவருக்கு அந்தத் தாள் வெறும் மஞ்சள் நிறம்.

நியூயோர்க்கில் கட்டணம் நகரத்தினது. ஆனால் ரக்சிகளின் எண்ணிக்கையை 1937ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தியது. அனுமதிக்கு அடையாளமான தகட்டின் சந்தை விலை 2014 அளவில் பத்து இலட்சம் டொலரைத் தாண்டியது. கடன் பட்டு அதை வாங்கியவர்களில் பெரும்பாலானோர் குடியேறிகள். செயலிகள் வந்தபின் சில வருடங்களில் அந்த விலை இடிந்து விழுந்தது, கடன் மட்டும் நின்றது. அந்த நகரத்து மஞ்சள் ரக்சியில் ஏறியவர் மீற்றரில் பார்த்த காசில் ஒரு பகுதி வங்கிக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஆக, பெரியம்மாவின் கேள்விக்கு முதற்பதில் இது: தூரத்துக்கு மட்டும் யாரும் காசு கொடுப்பதில்லை. அறிவுக்கு, நேரத்துக்கு, கடனுக்கு, அனுமதிக்கு, சட்டத்துக்கு என்று பல கைகள் அந்த ஒரு தொகைக்குள் இருக்கின்றன. ஊருக்கு ஊர் அந்தக் கைகள் மாறுகின்றன. விலையும் மாறுகிறது.

இதுவரை சிக்கல் இல்லை. சிக்கல் அவர் சொன்ன கடைசி இலக்கத்தில் இருக்கிறது. அதே கார், அதே ஓட்டுனர், அதே றோட்டு. நாற்பது ஏன் எண்பது ஆகிறது?

*

அதற்குப் பதில் சொல்ல நான் ஊருக்குப் போகவேண்டும்.

யாழ்ப்பாணத்து ஹயர்கார்களுக்கு மீற்றர் இருந்ததில்லை. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிஜ் என்று இங்கிலாந்திலேயே மறந்துபோன கார்கள் பெரிய கடைத் தெருவிலும் சந்திகளிலும் நின்றன. விலை என்பது ஒரு பேச்சு. யார் கேட்கிறார், எங்கே போகிறார், கலியாணமா ஆசுப்பத்திரியா, வெளிநாட்டுக் காசா வாத்தியார் சம்பளமா என்று எல்லாவற்றையும் கார்க்காரர் ஒரு பார்வையில் எடை போடுவார். கொழும்பிலிருந்து வந்தவருக்கு ஒரு விலை, பக்கத்து ஒழுங்கைக்காரருக்கு ஒரு விலை. பிள்ளைப்பேற்றுக்கு அவசரமாகப் போகிறவரிடம் விலையே பேசமாட்டார்கள். "பிறகு பாப்பம்" என்பார்கள். சாதியும் அந்தப் பார்வைக்குள் இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. சிலரைக் காருக்குள் ஏற்றவே மறுத்த காலமும் இருந்தது. முகம் பார்த்த விலையில் இரக்கமும் இருந்தது, இழிவும் இருந்தது.

1990இன் பின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமற்போனது. கார்களைச் சில துளி பெற்றோலில் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெயும் தங்கம் விற்ற விலை.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி மாலை, வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளியேறவேண்டும் என்று ஒலிபெருக்கிகளில் அறிவித்தார்கள். இராணுவம் நெருங்கிக்கொண்டிருந்தது. இலட்சக்கணக்கான சனம் ஒரே இரவில், கொட்டும் மழையில், செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சிக்கு நகர்ந்ததை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. நடந்தவர்கள் பலர் இதை வாசிக்கிறீர்கள்.

எங்கள் வீட்டில் அம்மம்மா இருந்தா. இடுப்பு முறிந்து மூன்று மாதம் படுக்கையில். சைக்கிளில் வைத்து உருட்ட முடியாது. சந்தியில் நின்று ஹயர் ஓடிய ஒருவர் காரோடு இருக்கிறார் என்று கேள்விப்பட்டு நான் ஓடினேன். அவர் காலையிலேயே தன் குடும்பத்தை மீசாலையில் விட்டுவிட்டுத் திரும்பி வந்திருந்தார். வீட்டுக்கு வந்து அம்மம்மாவைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ரெண்டு காப்புத் தந்தா கொண்டுபோய் விடுறன்."

அம்மாவின் கையில் ஒன்றும் இருக்கவில்லை. எல்லாம் ஏற்கனவே அடைவு. பக்கத்தில் நின்ற பெரியம்மா, இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் கறுப்பு ரக்சியின் விலை கேட்ட அதே பெரியம்மா, ஒரு சொல் பேசாமல் தன் இரண்டு காப்புகளையும் சவர்க்காரம் போட்டுக் கழற்றிக் கொடுத்தார்.

பத்துப் பன்னிரண்டு மைல். அடுத்த நாள் மத்தியானமாகிவிட்டது. கார் சனத்தின் நடையில் ஊர்ந்தது. இடையில் அவர் எம்மைக் கேளாமலே நிறுத்தி, மழையில் இருந்துவிட்ட ஒரு கிழவனையும் கிழவியையும் முன் சீற்றில் நெருக்கி ஏற்றினார். அவர்களிடம் எதுவும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அம்மா சாகும்வரை அவரை "அந்தர ஆபத்திலை கழுத்தறுத்தவன்" என்றுதான் சொன்னா. நானும் அப்படித்தான் நம்பினேன். லண்டனில் சில வருடங்கள் ஓடிய பிறகுதான், ஒரு நாள் சிவப்பு விளக்கில் நிற்கும்போது, எதிர்பாராமல் அவருடைய கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மண்ணெண்ணெய் என்ன விலை? கார் நடுவழியில் நின்றுபோனால்? பாலம் கடந்து பத்திரமாகப் போய்விட்டவர், குண்டுச் சத்தத்தை நோக்கி ஏன் திரும்பி வந்தார்? காப்பு அவரைக் கள்வனாக்கியதா, அல்லது காப்புக் கிடைக்கும் என்பதால்தான் அங்கே ஒரு கார் இருந்ததா?

*

இந்தக் கேள்வியைத்தான் இன்று கைத்தொலைபேசிச் செயலிகள் ஒரு விதியாக மாற்றியிருக்கின்றன. தேவை கூடும்போது விலையைக் கூட்டு. கூடிய விலை ஓட்டுனர்களை வீட்டிலிருந்து வெளியே கொண்டுவரும். கார்கள் கூடும். காத்திருப்புக் குறையும். பொருளாதாரம் படித்தவர்களின் இந்த வாதத்தை நான் பொய் என்று சொல்லமாட்டேன். ஏனெனில் வரைபடம் சிவப்பாகும்போது கட்டிலிலிருந்து எழும்பிச் சப்பாத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

ஆனால் அந்த வாதம் ஒரு பாதியைச் சொல்லாமல் விடுகிறது. கூடிய விலை காரைக் கொண்டுவருகிறது. அந்தக் காரில் யார் ஏறுவது என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. அன்றிரவு எங்கள் ஒழுங்கையில் படுக்கையில் கிடந்தது அம்மம்மா மட்டுமல்ல. காப்பு இருந்த வீட்டுக் கிழவி காரில் போனா. காப்பு இல்லாத வீட்டில் ஒரு மகன் தாயைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு நடந்தான். யாருடைய தேவை பெரியது என்று காப்பு கேட்கவில்லை. யாரிடம் இருக்கிறது என்று மட்டும் கேட்டது.

2014 டிசம்பரில் சிட்னி நகரின் மத்தியில் ஒருவன் ஒரு தேநீர்ச்சாலையில் ஆட்களைப் பணயம் வைத்தபோது, பயந்து வெளியேற முயன்றவர்களுக்கு ஊபரின் விலை பல மடங்கு ஏறியது. கண்டனம் எழுந்தபின் அந்த நிறுவனம் காசைத் திருப்பிக் கொடுத்தது, இலவசமாக ஏற்றவும் முன்வந்தது. 2017 யூனில் லண்டன் பாலத்தில் தாக்குதல் நடந்த இரவிலும் இதே கதை, இதே திருப்பிக் கொடுத்தல். கெட்ட மனிதர் ஒருவர் உட்கார்ந்து, சனம் சாகப் பயப்படுகிறது, விலையைக் கூட்டு என்று சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. அதுதான் என்னை உறுத்துவது. தேவை கூடியது, இலக்கம் கூடியது. இடையில் ஒரு முகமும் இல்லை.

இதற்கு எதிராக ஒரு பழைய கதை. 1914 செப்ரெம்பரில் ஜேர்மன் படை பாரிசை நெருங்கியபோது, ஏறக்குறைய அறுநூறு பாரிஸ் ரக்சிகள் படையினரை ஏற்றிக்கொண்டு மார்ன் போர்முனைக்குப் போயின. போகும்போது மீற்றர் ஓடியது. பிறகு பிரெஞ்சு அரசு 70,012 பிராங் கணக்குப் பார்த்துக் கட்டியது. முன்பு இதை வாசித்தபோது சிரித்தேன். நாடு போகிறது, இவர்கள் மீற்றர் போடுகிறார்கள் என்று. இப்போது சிரிப்பு வரவில்லை. நாடே ஆபத்தில் இருந்தபோதும் விலை ஒரு படி ஏறவில்லை. அன்றாடம் எதுவோ, அதுவே அன்றும். போரும் மீற்றருக்கு ஒரு பயணிதான்.

வள்ளுவர் துலாக்கோலையும் வாணிகத்தையும் நடுவு நிலைமை என்ற ஒரே அதிகாரத்துக்குள் வைத்தார். மீற்றர் அந்தத் துலாக்கோலின் பேரப்பிள்ளை. அதற்குக் கண் இல்லை. நான் கறுப்பனா, எனக்கு ஆங்கிலம் வருமா, என் தாய் சாகக் கிடக்கிறாளா என்று அது பார்க்காது. புதிதாக வந்திறங்கிய அகதிக்கு ஒரு நகரம் கொடுக்கக்கூடிய மிகச் சிறிய மரியாதை அது: உன்னிடமும் மற்றவனிடம் கேட்பதைத்தான் கேட்போம். இன்னொன்றும் உண்டு. லண்டன் மீற்றர் காட்டுவது உச்ச வரம்பு. அதற்கு மேல் கேட்கக்கூடாது, குறைத்து வாங்கத் தடை இல்லை. நீதி மேலே ஒரு கோடு போடுகிறது. கோட்டுக்குக் கீழே இரக்கத்துக்கு இடம் இருக்கிறது. 2015 நவம்பரில் பாரிஸ் தாக்குதல் இரவில் ரக்சிக்காரர் பலர் மீற்றரை நிறுத்திவிட்டு ஆட்களை வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நிறுத்துவதற்கு அவர்கள் கையில் ஒரு மீற்றர் இருந்தது.

ஆனாலும் மீற்றரைக் கும்பிடவும் என்னால் முடியாது. கறுப்பு ரக்சி ஆற்றுக்குத் தெற்கே வராது என்பது லண்டனின் பழைய முறைப்பாடு. அதன் விலையில் எங்கள் தெருச் சனம் ஆண்டுக்கு ஒரு தடவைகூட ஏறுவதில்லை. எல்லோருக்கும் ஒரே விலை என்ற நீதி, அந்த விலையைக் கொடுக்கக்கூடியவர்களுக்கு இடையிலான நீதிதான். எங்கள் மினிகாப்புகள் பிழைத்ததே அந்த இடைவெளியில். செயலிகள் விலையைக் குறைத்து, முன்பு பேருந்துக்குக் காத்து நின்றவர்களைக் காரில் ஏற்றியதும் உண்மை.

*

இப்போது என் கணக்கு.

2018 மார்ச் முதலாம் திகதி. பிரித்தானியா முழுதும் பனியில் புதைந்திருந்த கிழமை. ரயில்கள் நின்றுவிட்டன. நான் அப்போது ஒரு செயலிக் கொம்பனிக்கு ஓடிக்கொண்டிருந்தேன். பெயர் இங்கு தேவையில்லை. இரவு பத்து மணிக்கு வரைபடம் முழுதும் சிவப்பு. வழமையான விலையைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. மனைவி தடுத்தும் வெளிக்கிட்டேன்.

குறொய்டனில் ஒரு பெண் ஏறினார். ஐம்பது வயதிருக்கும். ஓர் ஆசுப்பத்திரிக்குப் போகவேண்டும். வழியெல்லாம் தொலைபேசியில் தன் சகோதரனுடன் மெல்லிய குரலில் பேசிக்கொண்டு வந்தார். தாய்க்குக் கடுமை. விடியும்வரை தாங்காது என்கிறார்கள். வழமையாக இருபது நிமிட ஓட்டம், பனியில் ஒரு மணித்தியாலம் எடுத்தது. இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பனியில் வந்ததற்கு நன்றி என்றார். விலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிறகு என் தொலைபேசி அந்த இலக்கத்தைக் காட்டியது.

நான் என்ன செய்திருக்கலாம்? விலை என்னுடையதல்ல. 2021 பெப்ரவரியில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் ஊபர் ஓட்டுனர்கள் சுயதொழில் செய்பவர்களல்ல, சட்டப்படி தொழிலாளர் என்று தீர்ப்பளித்தபோது, முதலில் எடுத்துக்காட்டிய காரணங்களில் ஒன்று இதுதான்: கட்டணத்தை வைப்பது நிறுவனம், செயலி கணக்கிட்டதற்கு மேல் ஓட்டுனர் கேட்க முடியாது. விலை சொல்லும் வாய் ஓட்டுனருடையது அல்ல. தீர்ப்பை வாசித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. பார், நான் கேட்கவில்லை, என்னிடம் அந்த வாய் இல்லை என்று நீதிமன்றமே சொல்கிறது.

ஆனால் அன்றிரவு என் சட்டைப் பையில் இரண்டு இருபது பவுண் தாள்கள் இருந்தன. கதவைப் பிடித்து நின்ற அந்தப் பெண்ணிடம் அவற்றைக் கொடுத்திருக்கலாம். கூடக் கேட்கத்தான் எனக்குத் தடை. குறைக்கத் தடை இல்லை. கொடுக்கவில்லை. அது மனதில் தோன்றக்கூட இல்லை. வீட்டுக்கு வந்து "இண்டைக்கு நல்ல உழைப்பு" என்று மனைவியிடம் சொன்னேன். அடுத்த நாள் தேத்தண்ணி குடிக்கும்போதுதான் காப்புக் கேட்டவரின் முகம் வந்தது.

அவருக்கும் எனக்கும் உள்ள வித்தியாசத்தை அன்றிலிருந்து யோசித்து வருகிறேன். அவர் கேட்டது அதிகம். என் பயணி கொடுத்தது அவ்வளவு இல்லை. ஆனால் அவர் தன் வாயால் கேட்டார். எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்து, அம்மம்மாவைப் பார்த்து, அம்மாவைப் பார்த்து, நிலத்தைப் பார்த்துக் கேட்டார். அந்த நிலத்தைப் பார்த்தல் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தான் கேட்பது என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அம்மாவால் அவரை முப்பது வருடம் திட்ட முடிந்தது. வழியில் ஏறிய கிழவனும் கிழவியும் அவரை வாழ்த்தியிருக்கலாம். வெறுக்கவோ மன்னிக்கவோ கெஞ்சவோ அங்கே ஓர் ஆள் இருந்தார். குறொய்டன் பெண்ணுக்கு அப்படி ஓர் ஆள் இல்லை. அவர் எனக்கு நன்றி சொன்னார். நான் கொம்பனியைக் காட்டினேன். கொம்பனி தேவையைக் காட்டும். தேவை என்பது அவருடைய தாயின் மரணம். விலைக்குக் காரணம் அவரே என்று வட்டம் முடிகிறது.

ஆகவே பெரியம்மாவின் கேள்விக்கு நான் வந்து நிற்கும் இடம் இது. விலை ஊருக்கு ஊர் மாறுவதில் அநீதி இல்லை. தேவை அறிந்து விலை ஏறுவதும் எப்போதும் அநீதி என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அந்தக் கார் இல்லாவிட்டால் அம்மம்மா அந்த வீட்டிலேயே கிடந்திருப்பா. ஆனால் இன்னொருவரின் அந்தரத்தை அறிந்து விலை சொல்வதென்றால், அதை ஒரு மனிதர் சொல்லவேண்டும், முகத்துக்கு நேரே, பதில் சொல்லவேண்டியவராக. அது முடியாதென்றால், யாருடைய அந்தரமும் தெரியாத நேரத்தில், எல்லோருக்கும் பொதுவாக, நகரம் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். தேவையையும் அறிந்து, முகத்தையும் காட்டாத விலைதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த விலையில்தான் நான் பல வருடங்கள் சாப்பிட்டேன் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

*

பெரியம்மா திரும்பிப் போக முதல்நாள் இரவு, சாப்பிட்ட பிறகு, நான் அந்தக் காப்புகளைப் பற்றிக் கேட்டேன். எங்கள் குடும்பத்தில் அந்தக் கதையை எப்போதும் அம்மாதான் சொல்லுவா. பெரியம்மா சொல்லி நான் கேட்டதே இல்லை.

"அந்தாளிலை உங்களுக்குக் கோவமில்லையா பெரியம்மா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அதன் பிறகு அவர் காப்புப் போட்டு நான் பார்த்ததில்லை.

"கொம்மாவுக்குத்தான் கோவம். நான் கழட்டிக் குடுத்ததாலை அவளுக்கு என்னிலையும் ஒரு மாதிரி." கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "அவன் கேட்டவுடனை நான் கழட்டிப்போட்டன் தம்பி. ஒண்டு போதுமோ எண்டு நான் கேக்கேல்லை. கேட்டிருந்தா ஓம் எண்டிருப்பான் எண்டுதான் எனக்கு இப்பவும் நினைப்பு. நிலத்தைப் பாத்துக்கொண்டெல்லோ நிண்டவன்."